மூன்று லென்ஸும் ஒரு தாலிகட்டும்

பிரதாபன் எட்டு மாதமாக ஒரு லென்ஸ் தெரிவுசெய்துகொண்டிருந்தான். அந்த எட்டு மாதமும் அவனுடைய மனைவி நிலாந்தி பொறுத்துக்கொண்டிருந்தாள். பொறுத்துக்கொண்டிருந்தேன் என்று அவள் சொல்லுவாள். பக்கத்து வீட்டு ஆட்களைக் கேட்டால் வேறுமாதிரிச் சொல்லக்கூடும்.

சரவணையில் பெரிய றோட்டுக் கரையில் இருந்த வீட்டின் முன்னறைதான் அவர்களுடைய ஸ்ரூடியோ. படம் எடுப்பது பிரதாபன். எடுத்த படத்தைக் கணினியில் போட்டுத் துப்புரவாக்கி, அல்பம் கட்டி, வாடிக்கைக்காரருக்கு முகம் கொடுப்பது நிலாந்தி. வெளி வெளிச்சத்தில் பிரதாபனை அடிக்கத் தீவுப்பகுதியிலேயே ஆள் இல்லை என்பதை அவளும் ஒத்துக்கொள்வாள். கடற்கரையில், பனங்காணிக்குள், வீட்டு முற்றத்தில் அவன் ஆட்களை நிறுத்தி எடுத்தால் அறுபது வயதுக்காரருக்கும் முகத்தில் ஒரு களை வந்துவிடும். கூரைக்குக் கீழே போனால் எல்லாம் கெட்டுவிடும். கமராவோடு கூடவே வந்த லென்ஸ்தான் அவனிடம் இருந்தது. தூரத்தில் நிற்பவரைக் கிட்ட இழுக்க இழுக்க அதன் வாய் சுருங்கும். வெளிச்சம் போதாது. அதை ஈடுகட்ட அவன் கமராவின் உணர்திறனைக் கூட்டுவான். படம் முழுக்கக் குருமணல் தூவினதுபோலப் புள்ளி விழும். மணப்பெண்ணின் கன்னத்திலிருந்தும் மாப்பிள்ளையின் மூக்கிலிருந்தும் அந்த மணலைத் துடைத்தெடுப்பது நிலாந்தியின் வேலை. ஒரு கலியாணத்துக்கு எண்ணூறு படம்.

அதனால்தான், வாய் அகன்ற ஸ்ராண்டட் லென்ஸ் ஒன்றை வாங்குங்கள் என்று அவள் சொன்னாள். கண் பார்க்கிற அளவுக்குப் பார்க்கிற லென்ஸ், இருட்டிலும் வெளிச்சத்தை அள்ளுகிற லென்ஸ், அப்படி ஒன்று இருந்தால் போதும். பிரதாபன் ஓம் என்றான். அந்த ஓமுக்குத்தான் எட்டு மாதம்.

அதன் பிறகு அவன் பார்க்காத வீடியோ இல்லை. எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் செங்கல் சுவர் ஒன்றைப் பன்னிரண்டு லென்ஸால் எடுத்து, அதன் மூலைகளைப் பெருப்பித்துக் காட்டுவார். பிரதாபன் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பான். ஒரு கொப்பியில் கோடு போட்டு, ஐம்பது மில்லிமீற்றர், முப்பத்தைந்து மில்லிமீற்றர், சூம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரே நல்லது கெட்டது எழுதினான். எழுதினதை வெட்டினான். வெட்டினதை மறுபடி எழுதினான். சில நேரம் அவளைக் கூப்பிட்டு, இரண்டு படங்களைக் காட்டி, எது திறம் என்று கேட்பான். இரண்டும் சுவர். அவள் அதையே சொல்லிவிட்டுப் போவாள்.

இந்த நிலையில்தான் அனலைதீவில் இருந்து கலியாணம் வந்தது.

பரராசசிங்கம் தென்பகுதிப் பட்டணம் ஒன்றில் நாற்பது வருசம் கடை வைத்திருந்து, பிறகு ஊரோடு வந்து இருந்துவிட்டவர். அவருடைய ஒரே மகள் சிவரூபிக்கு ஊர்க் கோயிலில் கலியாணம். இரண்டு மகன்களும் வெளிநாட்டில். ஒருவனுக்கு இன்னும் விசாக் கடதாசி சரிவரவில்லை. மற்றவனின் மனைவிக்கு அதே கிழமை பிள்ளை பிறக்க இருந்தது. தங்கச்சியின் தாலிகட்டை அவர்கள் படத்தில்தான் பார்க்கவேண்டும். ஸ்ரூடியோவுக்கு நேரில் வந்து இதையெல்லாம் விளக்கமாகச் சொன்ன பரராசசிங்கம், எழும்பிப் போகிற நேரத்தில் இன்னொன்றையும் சொன்னார். போன திருவிழாவில் யாரோ மூலஸ்தானத்துக்கு நேரே நின்று ஃபிளாஷ் அடித்ததில் பெரிய கதையாகி, இனிக் கோயிலுக்குள்ளே ஃபிளாஷும் கூடாது, தனியாக லைற்றுப் பிடிக்கவும் கூடாது என்று கோயில் சபை முடிவெடுத்துவிட்டது. இருக்கிற வெளிச்சத்தில்தான் எடுக்கவேண்டும்.

"ஏலும்தானே தம்பி?" என்று கேட்டார்.

பிரதாபன் ஓம் என்றான். நிலாந்தி கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது. கொழும்பில் சொல்லி லென்ஸ் எடுப்பிக்கலாம். எதை எடுப்பிப்பது என்று தெரிந்தால் அல்லவா எடுப்பிக்கலாம். பிரதாபன் ஒரு வழி கண்டுபிடித்தான். வாங்குவதற்கு முன்னம் இரவல் எடுத்துப் பரீட்சித்துப் பார்ப்பது. யாழ்ப்பாணத்தில் இருந்த கூட்டாளி சதீசன் ஒரு சூம் லென்ஸ் தந்தான். வாயின் அளவெண் இரண்டு தசம் எட்டு; எண் குறையக் குறைய வாய் அகலம். எவ்வளவு இழுத்தாலும் வாய் சுருங்காது. பாரம் மட்டும் அம்மிக் குழவியளவு. ஊர்காவற்றுறையில் திருநாள் படங்கள் எடுக்கிற சில்வெஸ்ரர் இரண்டு லென்ஸ் தந்தார். ஒன்று ஐம்பது மில்லிமீற்றர், அளவெண் ஒன்று தசம் நான்கு. அதன் கண்ணாடியைப் பார்த்தாலே அகன்ற கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். மற்றது முப்பத்தைந்து, ஒன்று தசம் எட்டு. சின்னது, பக்கத்தில் நீளமாக ஒரு கீறல். கேட்காமலே அவர் அதையும் பையில் போட்டுவிட்டார். பிரதாபன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஒரு புதன்கிழமை இருவரும் ஊர்காவற்றுறையில் படகேறிப் போய்க் கோயிலைப் பார்த்தார்கள். மண்டபத்துக்குத் தாழப் பதிந்த கூரை. வடக்கிலும் தெற்கிலும் யன்னல் இல்லை. மணவறை வைக்கிற இடத்துக்கும் முன் தூணுக்கும் இடையே நாலு எட்டு வைக்கிற தூரம்தான். கிழக்கு வாசல் மட்டும் ஆவென்று திறந்திருந்தது. அதற்கு வெளியே வெள்ளை மணல் கண்ணைக் குத்தியது. முகூர்த்தம் ஏழே கால் தொடக்கம். அந்நேரம் வாசலால் வரும் வெயில் ஒரு பாய் அகலத்துக்கு நிலத்தில் விழும், அதற்கு அங்கால் எல்லாம் கருக்கல் என்று கோயில் ஐயர் சொன்னார். அதாவது, பொம்பிளை மாப்பிள்ளைக்கு மடியில் வெயில், முகத்தில் இருட்டு. பிரதாபன் பூரித்துப்போனான். இவ்வளவு கஷ்டமான வெளிச்சத்தைத் தான் எந்த வீடியோவிலும் காணவில்லை என்றான். தூண்களையும் தரையையும் மூன்று லென்ஸாலும் மாறிமாறி எடுத்தான். கடைசிப் படகு போகிற நேரம் வந்தபோது நிலாந்தி கமராப் பையைத் தூக்கிக்கொண்டு தன்பாட்டில் நடக்கத் தொடங்கினாள். அப்போதுதான் அவன் வந்தான்.

வீட்டுக்கு வந்து மூன்று நாளாக மறுபடி சுவர். நாலாம் நாள் அவளுக்குப் பொறுமை அறுந்துவிட்டது. குசினி யன்னல்களைச் சாத்தினாள். கிழக்குக் கதவை மட்டும் திறந்துவிட்டாள். ஒரு குடத்தைக் கதிரையில் வைத்து, அதன் கழுத்தில் தன்னுடைய பழைய சங்கிலியைப் பூட்டச் சொன்னாள்.

"உதென்னத்துக்கப்பா?" என்றான் அவன்.

"சுவருக்கு ஆரும் தாலி கட்டுறேல்லை. பூட்டுங்கோ."

அவன் பூட்டினான், கழற்றினான், பூட்டினான். அவள் லென்ஸை மாற்றி மாற்றி எடுத்தாள். ஐம்பது வெளிச்சத்தை அள்ளிக் குடித்தது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களுடைய கமராவில் ஒளி விழுகிற தகடு சின்னது. பெரிய கமராவில் கண்ணளவாகப் பார்க்கிற ஐம்பது, இதில் ஆளை இழுத்து மூக்குக்கு நேரே கொண்டுவந்து விட்டுவிடும். அவள் பின்னுக்குப் போய்ப் போய், முதுகு அலுமாரியில் முட்டியும், குடமும் பிரதாபனும் ஒன்றாகப் படத்துக்குள் வரவில்லை. வாயை முழுக்கத் திறந்து எடுத்ததில் சங்கிலியின் கொக்கி துல்லியமாக இருந்தது. கொக்கியைப் பிடித்திருந்த விரல் கலங்கி இருந்தது. சூமில் குடம், பிரதாபன், பின்னால் இருந்த பானை சட்டி எல்லாம் வந்தன. ஆனால் வெளிச்சம் போதாமல் அசைகிற கை புகைபோல இழுபட்டிருந்தது. கீறல் விழுந்த முப்பத்தைந்தின் வாயைச் சொட்டு மட்டும் சுருக்கி எடுத்தாள். கையும் நின்றது, குடமும் நின்றது, பிரதாபனின் சினந்த முகமும் நின்றது. அவள் நின்ற இடத்திலிருந்து கண் எவ்வளவு பார்த்ததோ அவ்வளவு படத்தில் இருந்தது.

இதுதான் லென்ஸ் என்றாள். பிரதாபன் படத்தைக் கணினியில் போட்டு அரை மணித்தியாலம் பார்த்தான்.

"மூலை கொஞ்சம் மங்குது" என்றான்.

"மூலையில என்ன இருக்கு?"

அவன் குனிந்து பார்த்தான். "தேங்காய்."

"தேங்காயை ஆர் பாக்கப்போகினம்?"

அவன் ஓம் என்றான். அது சரியான ஓம்போலத்தான் இருந்தது. கொப்பியை மூடி மேசைக்குள் வைத்தான். நிலாந்தி அன்றைக்கு இறால் வாங்கிச் சமைத்தாள்.

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. சனி பின்னேரப் படகில் போய், பரராசசிங்கத்தின் வீட்டில் தங்கி, விடியவே கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. படகு துறையை விட்டு வெளிக்கிட்டு, அலை பக்கத்துப் பலகையில் அடித்து உப்புத்தண்ணி தெறிக்கத் தொடங்கியபோது, கமராப் பையைத் துவாயால் சுற்றி மடியில் வைத்திருந்த பிரதாபன் மெல்லத் தொண்டையைச் செருமினான். தான் யோசித்துப் பார்த்ததாகச் சொன்னான். ஆட்கள் எல்லாரும் படத்தில் வரவேண்டும் என்று பரராசசிங்கம் ஐயா சொன்னவர். ஆனபடியால் தொடக்கத்துக்குச் சூம்தான் சரி. தாலிகட்டுகிற நேரத்தில் வெளிச்சம்தான் முக்கியம், அதற்கு ஐம்பது. முப்பத்தைந்தைப் பழைய கமராவில் போட்டு அவளே வைத்திருக்கட்டும், பொம்பிளைப்பகுதிப் படங்களுக்கு உதவும்.

தாலி கட்டுகிற நேரத்திலா லென்ஸ் மாற்றப்போகிறீர்கள் என்று மட்டும் நிலாந்தி கேட்டாள். பத்துச் செக்கன் போதும் என்றான் அவன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். படகில் வந்த மற்றவர்கள் இருந்திராவிட்டால் அந்த ஐம்பதை அவள் என்ன செய்திருப்பாளோ தெரியாது.

காலையில் மண்டபத்துக்குப் போனால் ஐயர் சொன்னபடியேதான் வெளிச்சம். அதற்கு மேலே இன்னொரு கரைச்சல். மணவறை சோடித்தவர்கள் வளைவு முழுக்கக் கலர் லைற்றுக் கொடி சுற்றியிருந்தார்கள். மாப்பிள்ளை ஜெனுஷனின் முகம் ஒரு நொடி நீலமாகவும் ஒரு நொடி றோசாவாகவும் மாறிக்கொண்டிருந்தது. பிரதாபன் அதை எந்த லென்ஸ் தாங்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றான். நிலாந்தி நேரே பரராசசிங்கத்திடம் போய், உந்த லைற்றோடு எடுத்தால் உங்கள் மருமகனை மகன்மாருக்கு அடையாளம் தெரியாது என்று சொன்னாள். அவர் லைற்றைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், ஆளை விட்டு அணைப்பித்தார். அணைந்த பிறகுதான் அவள் ஒன்றைக் கண்டாள். மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டியில் வெயில் பட்டு, அங்கிருந்து மேலே தெறித்து, இரண்டு பேரின் முகத்துக்கும் கீழிருந்து மெல்லிய வெளிச்சம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவள் பெண்கள் நின்ற தென்பக்கத்தில் தோழிப்பெண்ணுக்கு அருகே இடம் பிடித்து, அந்த வெளிச்சத்துக்குக் கமராவைச் சரிசெய்துவைத்தாள். பிறகு அதில் கைவைக்கவில்லை.

பிரதாபன் முன்பக்கம் நின்று சூமால் எடுத்துக்கொண்டிருந்தான். ஓமப்புகை எழும்பியது. வாசல் வெயிலுக்குள் புகை போய், முன்பக்கம் முழுக்க வெள்ளைத் திரை தொங்கினதுபோல ஆகிவிட்டது. அவன் கமராவின் திரையைப் பார்ப்பதும் முகத்தைச் சுளிப்பதுமாக இருந்ததை அவள் கண்டாள். ஐயர் தாலிக்கொடி வைத்த தட்டை, வந்திருந்தவர்கள் தொட்டு ஆசீர்வதிக்க அனுப்பினார். தட்டுச் சுற்றிவர எப்படியும் ஐந்து நிமிடமாகும். பிரதாபனும் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கவேண்டும். அவன் சனத்தை விலக்கிக்கொண்டு வடக்குப்பக்கத் தூணோடு ஒதுங்கி, சூமைக் கழற்றினான்.

தட்டு இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் தொட்டதோடு போதும் என்று ஐயர் கூப்பிட்டுவிட்டார். ஐம்பதின் பின்மூடி, படகில் வந்த உப்போ, அவனுடைய வேர்வைக் கையோ, என்ன காரணமோ, திருகுப்படவில்லை. அவன் சூமை இடக்கையில் பிடித்துக்கொண்டு, ஐம்பதை வலக்கையில் பிடித்துக்கொண்டு, மூடியைப் பல்லால் கடித்துத் திருகப் பார்த்தான். ஐயர் கையைத் தூக்கினார். மேளமும் நாதஸ்வரமும் ஒரேயடியாக எழும்பின. மாப்பிள்ளை எழுந்து பொம்பிளையின் கழுத்தடியில் குனிந்தான். அரிசியும் பூவும் பறந்தன.

நிலாந்தி ஏழு படம் எடுத்தாள். எடுக்கும்போது அவளுக்குப் பிரதாபனும் தெரியவில்லை, லென்ஸும் தெரியவில்லை. கொக்கி பூட்டுகிற அந்த இரண்டு கைகள் மட்டும்தான் தெரிந்தன. மேளம் தணிந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவன் தூணடியில் அப்படியே நின்றான். நெஞ்சில் கமரா வாய் திறந்தபடி தொங்கியது.

அவன் சனத்துக்குள்ளால் அவளிடம் வந்து, "நீர் எடுத்தனீரோ?" என்று காதோரம் கேட்டான்.

அவள் கமராவை மறுபடி மணவறைப் பக்கம் திருப்பினாள். மறுமொழி சொல்லத் தொடங்கினால் கோயிலில் சொல்லக்கூடாததெல்லாம் வந்துவிடும் என்று பயந்தாள்.

படங்களை வீட்டுக்குப் போய் ஆறுதலாகப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தார்கள். ஆனால் சாப்பாட்டுப் பந்தி முடிவதற்கு முன்பே பரராசசிங்கம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுவிட்டார். மகன்மார் இருவரும் தொலைபேசியில் காத்துக்கொண்டிருந்தார்கள். தாலிகட்டுப் படம் ஒன்றை உடனே அனுப்பவேண்டும். வீட்டு விறாந்தையில் அவரும், அவருடைய மனைவி சறோஜினிதேவியும், இன்னும் கூறைச்சேலை மாற்றாத சிவரூபியும் சுற்றி நின்றார்கள். நிலாந்தி பழைய கமராவைத் திருப்பி ஒவ்வொன்றாகக் காட்டினாள். முதல் மூன்றிலும் தோழியின் கை மறைத்திருந்தது. கடைசி மூன்றில் மாப்பிள்ளை ஏற்கெனவே நிமிர்ந்துவிட்டான். நாலாவது படம் நின்றது. கொக்கி பூட்டுகிற விரல்கள், குனிந்த சிவரூபியின் கண்ணிமை, கீழிருந்து தெறித்த வேட்டி வெளிச்சம், பறக்கிற அரிசி இரண்டொன்று, அதற்குப் பின்னால் சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி சறோஜினிதேவி. எல்லாம் இருந்தது. மணல் இல்லை. சறோஜினிதேவி தன்னைக் கண்டதும் மறுபடி அழத் தொடங்கினாள்.

பரராசசிங்கம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தார்.

"அம்மாவுக்குப் பக்கத்தில நிக்கிறது ஆர்?"

நிலாந்தியும் அப்போதுதான் கண்டாள். சறோஜினிதேவிக்கு ஒரு முழம் தள்ளி, தூணில் சாய்ந்தபடி, தெள்ளத்தெளிவாகப் பிரதாபன் நின்றான். வாயில் ஒரு கறுப்பு மூடி.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பிரதாபன், "நான்தான் ஐயா" என்றான்.

"ரெண்டு கையிலயும் என்ன?"

"லென்ஸ், ஐயா."

"அப்ப கமராவில?"

"ஒண்டுமில்லை."

பரராசசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். பிரதாபன் தான் லென்ஸ் மாற்றப்போய்த் தாலிகட்டைத் தவறவிட்டதை ஒளிக்காமல் சொன்னான். மனைவி எடுத்தபடியால்தான் இந்தப் படமாவது இருக்கிறது, அவள் முன்னமே சொன்னவள், தான் கேட்கவில்லை என்றும் சொன்னான். நிலாந்தி நிலத்தைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் அவன் ஒரு விஷயத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை தடுமாறாமல் சொன்னது அதுதான் முதல்தரம். அந்த நேரத்திலும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இதை நேற்றுப் படகில் ஒத்துக்கொண்டிருந்தால் என்ன என்றுதான் இருந்தது.

சிவரூபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவரும் நிற்கட்டும் அப்பா, நல்லாத்தானே இருக்கு என்றாள். பரராசசிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்ர பிள்ளையின்ர தாலிகட்டுக்குள்ள இவருக்கு என்ன வேலை? வெட்டி எடு, பிள்ளை."

வெட்ட ஏலாது என்று நிலாந்தி விளங்கப்படுத்தினாள். அவனை வெட்டினால் பக்கத்தில் நிற்கிற அம்மாவும் போய்விடுவா. அழிக்கத்தான் வேண்டும், அதற்கு நாள் எடுக்கும். அவர் மனைவியின் அழுத முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி, அழி, ஆனால் அம்மாவில் ஒரு சொட்டும் கைவைக்கக்கூடாது என்றார். மகன்மாருக்கு அன்றைக்குப் போனது பிரதாபன் நிற்கிற படம்தான். வேறு வழியில்லை.

திங்கள் தொடக்கம் மூன்று நாள் நிலாந்தி கணவனை அழித்தாள்.

இடக்கையில் இருந்த சூம் லேசாகப் போய்விட்டது. ஐம்பதின் கண்ணாடியில் வாசல் வெளிச்சம் ஒரு வட்டமாக விழுந்திருந்தது. அதை அழிக்க ஒரு முழுக் காலை போனது. தோளும் சேட்டும் சறோஜினிதேவியின் சேலைக் கரையோடு ஒட்டியிருந்தன. ஒவ்வொரு இழையாகப் பிரிக்கவேண்டியிருந்தது. மணல் துடைக்கிற வேலையில் இருந்து தப்பத்தானே இவ்வளவும் செய்தேன், இப்போது மனிசனையே துடைக்கவேண்டி வந்துவிட்டதே என்று அவள் தன்பாட்டில் புறுபுறுத்தாள். அடுத்த அறைக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் பலமாகத்தான் புறுபுறுத்தாள்.

செவ்வாய் மத்தியானம் முகத்துக்கு வந்தாள். நானூறு வீதம் பெருப்பித்தபோது திரை முழுக்க அவனுடைய முகம்தான். அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தது, அந்த நேரத்தில் அவன் முழுசிக்கொண்டு நின்றிருப்பான் என்று. அப்படி இல்லை. கண் இரண்டும் பயந்துபோய் இருந்தன. முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விடப்பட்ட பிள்ளையின் கண்போல. அவன் பார்த்துக்கொண்டிருந்தது மணவறையை அல்ல, நேரே அவளை. அதாவது அவளுடைய கமராவை. நிலாந்தி கையை எடுத்துவிட்டாள். பிழை விட்டுவிடுவேன் என்ற பயத்தில்தானோ இந்த மனிசன் எட்டு மாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று அவளுக்கு ஒரு யோசனை ஓடியது. அதற்காக அவளுக்கு ஆத்திரம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் மூக்கை அவள் கொஞ்சம் பதமாகத்தான் அழித்தாள்.

முகம் போன இடத்தில் தூண் வரவேண்டும். அந்தத் தூணில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு. கோடு பிசகினால் பார்த்தவுடன் தெரியும். இரண்டு தரம் செய்தாள், இரண்டு தரமும் தூண் வளைந்துபோனது. மூன்றாம் தரம் அவள் மேசையில் அடித்த சத்தம் கேட்டுப் பிரதாபன் வந்து பின்னால் நின்றான். தன்னுடைய தலை இல்லாத உடம்பைப் பார்த்தான். போய், ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். முன்னம் கோயில் பார்க்கப் போன புதன்கிழமை எடுத்த படங்கள். அதே தூண், வெறுந்தூண், நாற்பத்திரண்டு படம்.

"முப்பத்தைஞ்சில எடுத்ததும் இருக்கு" என்றான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பக்கத்துக் கதிரையைக் காலால் தள்ளிவிட்டாள். அவன் இருந்தான். எந்தக் கோடு எதோடு சேரும் என்று அவன் சொல்ல, அவள் ஒட்டினாள். தூண் விஷயத்தில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. மறுநாள் பொழுதுபட முன்னம் பிரதாபன் படத்தில் இல்லை.

அல்பத்தை இருவருமாகவே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பரராசசிங்கம் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார், விரலால் தூணைத் தடவிப் பார்த்தார், தலையாட்டினார். சறோஜினிதேவி இருவருக்கும் பலகாரம் கட்டித் தந்தாள். வெளிநாட்டில் இருந்து மூத்த மகன் எடுத்துப் பேசினான். படம் நல்லாக இருக்கிறதாம்; ஆனால் முதலில் வந்த படத்தில் நின்ற அந்த மனிசர் எங்கே, பிள்ளைகள் தேடுகிறார்கள் என்றான். பரராசசிங்கம் தொலைபேசியைப் பிரதாபனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வருகிற வழியில் ஊர்காவற்றுறையில் சில்வெஸ்ரரிடம் ஐம்பதைக் கொடுத்தார்கள். முப்பத்தைந்துக்கு நிலாந்தி விலை கேட்டாள். அவர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தாள். பிரதாபன் மோட்டார் சைக்கிள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்கே ஒரு முடிவும் எடுத்தார்கள். எடுத்தது அவள், ஓம் என்றது அவன். கூரைக்குக் கீழே அவள், வெளியில் அவன். நல்ல கமரா உள்ளே போகிறவருக்கு. தோளில் இருந்து பாரம் இறக்கினவன்போல அவன் இரண்டு நாள் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தான்.

அடுத்த மாதம் புங்குடுதீவில், பிள்ளை ஒருத்தி பெரியவளானதற்கு ஒரு சாமத்தியவீடு. உள்ளறையில் ஒரேயொரு குண்டு பல்பு, நெருக்கமாகப் பெண்கள், சுற்றிவர ஆலாத்தித் தட்டுகள். நிலாந்தி சுவரோடு முதுகை வைத்து நின்று எடுத்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் பிரதாபன் ஆண்களையும் சின்னப் பிள்ளைகளையும் வேம்பின் நிழல் விளிம்பில் வரிசையாக நிறுத்தியிருந்தான். அவன் ஏதோ சொல்ல எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நடுவில் ஒருதரம் அவன் வாசல் நிலையடியில் வந்து நின்று, மேலே பல்பைப் பார்த்து, பிறகு அவளுடைய கமராவைப் பார்த்து, வாயைத் திறந்தான்.

நிலாந்தி கமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே இடக்கையை உயர்த்திக் காட்டினாள்.

அவன் வாயை மூடிக்கொண்டு முற்றத்துக்குத் திரும்பிப் போனான்.